தாத்தாவின் ராலிக்குப் புதுப் பெயிண்ட் வேண்டாம்

கேள்வி: என் தாத்தா மலாயாவில் ரப்பர்த் தோட்டத்துக் கிராணியாக இருந்தவர். ஊர் திரும்பியபோது ரஜூலா கப்பலில் ஒரு ராலி சைக்கிளையும் கொண்டுவந்தார். அவருக்குப் பின் அப்பா ஓட்டினார். இருபது ஆண்டுகளாக மாட்டுக் கொட்டகையில் சாய்ந்து கிடந்த வண்டியை அப்பா இப்போது எனக்குக் கொடுத்திருக்கிறார். பின் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் மூன்று கியர் இருக்கிறது. மிதித்தால் சில நேரம் பெடல் சும்மா சுற்றுகிறது. முன் ஹப் டப்பா போலப் பெரிதாக இருக்கிறது. மேலெல்லாம் துரு. பவுடர் கோட்டிங் செய்து, கியரை எடுத்துவிட்டுச் சாதாரண ஃபிரீவீல் மாட்டித் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பேசி முடித்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். பவுடர் கோட்டிங் வேண்டாம், கியர் ஹப்பைக் கழற்றி எறிய வேண்டாம், முன் ஹப்பைத் திறக்கவே வேண்டாம். இந்த மூன்றில் எதைச் செய்தாலும் போனது திரும்பி வராது. துரு, காய்ந்த சீட், வெடித்த டயர், நழுவும் பெடல் எல்லாம் பொறுமையும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் இருந்தால் சரியாகக் கூடியவை.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் முதன்முதலில் கைவைத்த பழைய வண்டி என் பெரிய மாமாவின் ஹம்பர். இரட்டைக் குழாய் ஃபோர்க் கொண்ட அழகான வண்டி. அதில்தான் அவர் முப்பது ஆண்டுகள் வீடு வீடாகப் பால் ஊற்றினார். அவர் முழங்கால் வலியால் ஓட்டுவதை நிறுத்திய பிறகு, நான் அதை வாங்கிக்கொண்டு போய், பிரேமை மணல் பீய்ச்சிச் சுரண்டி, பளபளவென்று கறுப்புப் பவுடர் பூச வைத்தேன். மாமா பார்க்க வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின் சக்கரத்துக்கு மேலே, கேரியரின் இரு பக்கக் கம்பிகளைத் தடவிப் பார்த்தார். பால் கேன்கள் உரசி உரசிப் பெயிண்ட் போய், வெள்ளிக்காசு போல மின்னிக்கொண்டிருந்த இரண்டு இடங்கள் அங்கே இருந்தன. இப்போது இல்லை. "நன்றாக இருக்கிறது" என்றார். ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள் என்று சொன்னேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் போய்விட்டார். வண்டி இன்றும் என்னிடம் இருக்கிறது. அதைத் துடைக்கும்போதெல்லாம் அந்த இரண்டு இடங்களும் என் கைக்குத் தெரிகின்றன.

வேலை ரீதியாகவும் அது தவறு. பீய்ச்சிய மணல் குழாய்களுக்குள் தங்கி, மாதக்கணக்கில், பெடல்களைச் சுழற்றும் கிராங்க் அச்சின் குண்டுகளுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. மரைகளுக்குள் பவுடர் புகுந்து, அந்தக் குண்டுகளைத் தாங்கும் கப்பு ஏறவில்லை. மரை வெட்டித்தான் மாட்ட வேண்டியிருந்தது. கையால் இழுத்திருந்த தங்கக் கோடுகள் போயின. பிரேமில் அடித்திருந்த எண்ணைக்கூட இப்போது படிக்க முடியவில்லை.

உங்கள் வண்டியிலும் அப்படிச் சில இடங்கள் இருக்கும். துடைப்பதற்கு முன்பு அப்பாவை அருகில் உட்கார வைத்துக்கொண்டு தேடுங்கள். முன்பாரின் நடுவில் பெயிண்ட் தேய்ந்திருந்தால், துண்டைச் சுற்றிப் பிள்ளைகளை உட்கார வைத்த இடம் அது. சீட்டிலிருந்து கீழே இறங்கும் குழாயின் முன்பக்கம் தேய்ந்திருந்தால், யாரோ குரங்குப் பெடல் போட்டுப் பழகியிருக்கிறார்கள். பாருக்குக் கீழே நுழைத்த வலது கால் அங்கேதான் உரசும். அநேகமாக அது உங்கள் அப்பாவாகவே இருக்கும். ஹேண்டில் பாரிலோ ஃபோர்க்கிலோ தகர வில்லை ஏதாவது தொங்கினால் அதையும் கழற்றி வீசிவிடாதீர்கள். சைக்கிளுக்கும் உள்ளாட்சி வரி கட்டிய காலத்து வில்லையாக அது இருக்கலாம். எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு கைவையுங்கள்.

அடுத்து, வண்டியின் வயதைக் கண்டுபிடிப்பது. பின் ஹப்பின் மேலோடு முழுவதையும் துணியால் துடைத்தால் "ஸ்டர்மி ஆர்ச்சர்" என்ற நிறுவனத்தின் பெயரும், "ஏ.டபிள்யூ." என்ற மாதிரி எழுத்துகளும், சிறிய எண்களும் தெரியும். 55 என்ற எண்ணும் அதன் அருகில் 3 என்ற எண்ணும் இருந்தால், அந்த ஹப் 1955 மார்ச்சில் செய்யப்பட்டது. ஹப்பும் வண்டியும் பெரும்பாலும் சில மாத இடைவெளியில் பிறந்தவை; இடையில் யாரும் சக்கரத்தை மாற்றாத வரை இந்தக் கணக்கை நம்பலாம். ரஜூலா 1926-இல் கட்டிய கப்பல். மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஆட்களை ஏற்றி இறக்கியது. தாத்தா எந்த ஆண்டு திரும்பினார் என்பதில் வீட்டில் இரண்டு கருத்து இருந்தால், ஹப்பின் எண் ஒரு சாட்சி. அந்த ஆண்டுக்கு முன்பு அவர் இந்த வண்டியோடு வந்திருக்க முடியாது.

ஹேண்டில் பாருக்குக் கீழே, பிரேமின் முன் தலையில் பித்தளை முத்திரையில் ஒரு நாரை இருக்கும். பெரிய பல்சக்கரத்தின் நடுவிலும் அதே நாரைத் தலைகளை வெட்டியிருப்பார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் ராலி தெருவில் இருந்த ஒரு சின்னப் பட்டறையிலிருந்து வந்த பெயர்தான் ராலி. மேற்கு வங்கத்தின் ஆசன்சோலில் சென்-ராலி தொழிற்சாலையும் இதே பெயரில் வண்டிகள் செய்தது. நம் ஊர்களில் ஓடிய ராலிகளில் நிறைய அங்கிருந்து வந்தவை. மலாயாவில் வாங்கிய உங்கள் வண்டி நாட்டிங்காம் வண்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சீட்டுக் குழாயில் ஒட்டியிருக்கும் எழுத்துகளில் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த விசாரணை பெருமைக்காக மட்டும் இல்லை. நாட்டிங்காம் ராலியின் கிராங்க் மரையும் தலைப்பகுதி மரையும் அங்குலத்துக்கு 26 புரி. மற்ற ஆங்கிலேய வண்டிகளின் பொது அளவு 24. கடையில் "எல்லாம் ஒரே சைஸ்தான்" என்று சொல்லி வேறு கப்பை முறுக்கி ஏற்றினால் பிரேமின் மரையே போய்விடும். ஆகவே பழைய கப்பு, பழைய கோன், பழைய நட்டு எதையும் தூக்கி எறியாதீர்கள். தேய்ந்தது போலத் தெரிந்தாலும் டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

இப்போது பிரேமைப் பாருங்கள். மேலே தெரியும் துரு என்னைப் பயமுறுத்துவதில்லை. ராலிக்காரர்கள் "முழுக்க எஃகு" என்றே விளம்பரம் செய்தவர்கள், அந்த எஃகு கனமானது. பார்க்க வேண்டியது வேறு. தலைக் குழாயோடு சேரும் இடத்தில், மேல் பாருக்கும் கீழ்க் குழாய்க்கும் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பெயிண்ட் அலை அலையாகச் சுருங்கியிருந்தால் வண்டி எப்போதோ முட்டியிருக்கிறது, குழாய் மடங்கத் தொடங்கியிருக்கிறது. ஃபோர்க்கைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பின்னால் தள்ளியது போல இருந்தால் அதுவும் அதே விபத்தின் அடையாளம். கிராங்குக்குக் கீழே மாட்டுக் கொட்டகையின் ஈரம் தேங்கியிருக்கும். அங்கே ஒரு கூரான கம்பியால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் வண்டியைச் சுவரில் மாட்டலாம், ஓட்டக் கூடாது. இதில் மட்டும் பாசம் பார்க்காதீர்கள்.

சுத்தம் செய்வதற்குப் பாத்திரம் துலக்கும் சோப்பு கலந்த தண்ணீரும் பழைய வேட்டித் துணியும் போதும். முதல் நாள் அவ்வளவுதான். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இடத்துக்கு மண்ணெண்ணெய் அல்லது டீசல். ஆனால் தங்க எழுத்துகளின் மேலும் கோடுகளின் மேலும் அதைத் தேய்க்காதீர்கள். முதலில் கண்ணுக்குப் படாத மூலையில் ஒரு சொட்டு வைத்துத் துணியில் நிறம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஹேண்டில் பார், ரிம், கிராங்க் ஆகியவற்றின் குரோம் மீது இருக்கும் துருவுக்கு, சாப்பாட்டுப் பொட்டலத்தில் வரும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். குரோமைவிட மென்மையான தாள் என்பதால் கீறல் விழாது, துரு மட்டும் கறுப்புக் குழம்பாக வழிந்து வரும். உப்புத்தாள் எடுக்காதீர்கள். பித்தளை என்றதும் நம் வீட்டில் கை தானாகப் புளிக்குப் போகும். மணிக்குப் புளி போடலாம். நாரை முத்திரைக்குப் போட வேண்டாம். முத்திரையின் பள்ளங்களில் இருக்கும் வண்ணம் புளியோடு போய்விடும். பெயிண்ட் உதிர்ந்து இரும்பு தெரியும் இடங்களில், துருவைத் தேய்த்தெடுத்து, நன்றாகக் காயவிட்டு, மெழுகு பூசுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை அதைத் திரும்பச் செய்தால் துரு அதற்கு மேல் பரவாது.

இனி கியர். பட்டறைக்காரர் இதைக் கழற்றச் சொன்னதுதான் எனக்கு அதிக வருத்தம். இந்த ஏ.டபிள்யூ. ஹப் 1936-இல் வந்தது. இன்றுவரை இதன் உள்ளமைப்பின் அடிப்படை மாறவில்லை. அச்சின் நடுவில் 20 பற்கள் கொண்ட ஒரு சக்கரம் அசையாமல் நிற்கிறது. அதைச் சுற்றி 20 பல் கொண்ட நான்கு குட்டிச் சக்கரங்கள் ஓடுகின்றன. அவற்றை வெளியே 60 பல் கொண்ட வளையம் சூழ்ந்திருக்கிறது. சூரியனைச் சுற்றும் கிரகங்கள் போல என்று இந்த அமைப்புக்கே கிரகப் பெயர்தான். நடுக் கியரில் செயின் சுற்றும் வேகத்தில் சக்கரம் சுற்றும். முதல் கியரில் அதில் முக்கால் வேகம், ஏற்றத்துக்கு. மூன்றாவதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல், இறக்கத்துக்கும் பின்காற்றுக்கும். ஒரு டப்பாவுக்குள், தூசியும் மழையும் படாமல், இத்தனையும் நடக்கிறது. அதை எடுத்துவிட்டு ஃபிரீவீல் போடுவது என்பது நல்ல கைக்கடிகாரத்தின் இயந்திரத்தை எறிந்துவிட்டு முகப்பை மட்டும் கட்டிக்கொள்வது போன்றது.

பெடல் சும்மா சுற்றுவதற்கு இரண்டே காரணங்கள் சாதாரணமாக இருக்கும். ஒன்று, உள்ளே பழைய எண்ணெய் இறுகிப் பசையாகி, விரல் நகம் அளவுள்ள கொக்கிகள் ஒட்டிக்கொண்டிருப்பது. மெல்லிய ஸ்பிரிங்கால் தூக்கி நிற்க வேண்டிய கொக்கிகள் அவை. அவை எழுந்தால்தான் ஹப்பின் மேலோட்டைப் பிடித்து இழுக்கும். நம் வீடுகளில் கையில் கிடைத்த தேங்காய் எண்ணெயை ஊற்றும் வழக்கம் உண்டு. மார்கழிக் குளிரில் பாட்டிலில் உறைவது ஹப்புக்குள்ளும் உறையும்; பல ஆண்டு கிடந்தால் கோந்தாகிவிடும். நான் திறந்து பார்த்த ஹப்புகளில் பாதிக்கு மேல் நோய் இதுதான்.

இதற்கு ஹப்பைத் திறக்க வேண்டாம். ஓட்டின் நடுவில் சிறிய மூடியோடு ஓர் எண்ணெய்த் துளை இருக்கும். அதன் வழியே இரண்டு மூன்று தேக்கரண்டி மண்ணெண்ணெய் ஊற்றி, சக்கரத்தை முன்னும் பின்னுமாகச் சுற்றி, ஓர் இரவு படுக்க வைத்துவிடுங்கள். காலையில் பழுப்புக் குழம்பு வெளியே வடிந்திருக்கும். தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். பிறகு ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில், 30 எண் போதும். இதை மறக்காதீர்கள்: மண்ணெண்ணெய் இரு முனைகளிலும் உள்ள குண்டுகளின் கிரீஸையும் கழுவியிருக்கும், ஆகவே அங்கும் எண்ணெய் இறங்க வேண்டும். அதன்பின் மாதத்துக்கு நாலைந்து சொட்டு. அதிகம் ஊற்றினால் வழிந்து ரிம்முக்கும் டயருக்கும் வரும். சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுங்கள். டிக், டிக், டிக் என்று ஒழுங்கான சத்தம் திரும்பியிருந்தால் கொக்கிகள் எழுந்துவிட்டன.

இரண்டாவது காரணம் கியரை மாற்றும் கம்பி. நடுக் கியருக்கும் மூன்றாவதுக்கும் இடையில் இந்த ஹப்பில் எதிலும் பிடிக்காத ஒரு நிலை உண்டு. கம்பி கொஞ்சம் இழுபட்டோ தளர்ந்தோ இருந்தால் கியர் அந்த இடைவெளியில் விழும். எழுந்து நின்று மிதிக்கும்போது விழுந்தால் முழங்கால் பாரில் மோதும், ஆளே விழலாம். ஆகவே இதைச் சரி செய்யாமல் தெருவுக்கு எடுத்துப் போகாதீர்கள். பின் சக்கரத்தின் வலது பக்க நட்டுக்குள்ளிருந்து ஒரு குட்டிச் சங்கிலி வெளியே வரும். அதைக் கம்பியிலிருந்து விடுவித்து, உள்ளே முழுக்க முறுக்கி, அரைச் சுற்றுக்குள் பின்னால் தளர்த்திச் சரியான திசையில் நிறுத்துங்கள். கம்பியை மாட்டி, ஹேண்டில் பாரில் உள்ள நெம்பியை நடுக் கியரில் வையுங்கள். நட்டின் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் துளை இருக்கிறது. அதன் வழியே பார்த்தால், சங்கிலி கோத்திருக்கும் கம்பியின் முனை அச்சின் முனையோடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். நிற்கும்வரை, கம்பியும் சங்கிலியும் சேரும் இடத்திலுள்ள திருகியைத் திருப்புங்கள். இவ்வளவு எளிதாகச் சரிபார்க்கும்படி ஒரு ஜன்னலை வைத்தவர்களை நான் பலமுறை வாழ்த்தியிருக்கிறேன்.

இரண்டு வேலைகளுக்குப் பின்னும் நழுவினால் மட்டும் திறந்து பார்க்கலாம். உதிரிப் பாகங்கள் கிடைக்கும். ஸ்டர்மி ஆர்ச்சரை 2000-இல் தைவானின் சன்ரேஸ் நிறுவனம் வாங்கியது. மூன்று கியர் ஹப்புகள் அங்கே தொடர்ந்து உருவாகின்றன.

முன் சக்கரத்தில் நீங்கள் பார்த்த டப்பா, டைனமோ. ஸ்டர்மி ஆர்ச்சர் செய்த 6 வோல்ட் டைனோஹப். டயரில் உரசும் டைனமோ போல இழுக்காமல், சக்கரத்தோடு சேர்ந்து சத்தமின்றிச் சுற்றி விளக்கை எரிக்கும். உள்ளே பெரிய வளையக் காந்தம் இருக்கிறது. அதை நடுவிலுள்ள சுருளிலிருந்து வெறுமனே இழுத்து எடுத்தால் காந்த சக்தியில் பெரும்பகுதி அந்த நொடியே போய்விடும். ஆர்வக் கோளாறில் இப்படிக் கெட்ட ஹப்புகள் ஏராளம். நீங்கள் செய்ய வேண்டியது, வெளியே உள்ள இரண்டு முனைகளைத் துடைத்து, 6 வோல்ட் பல்பு ஒன்றைக் கம்பியால் இணைத்து, சக்கரத்தைச் சுற்றிவிடுவது மட்டும்தான். எரிந்தால் மாலையில் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கிராங்குதான் வீட்டில் செய்ய முயன்று பலரும் வண்டியைக் கெடுத்துக்கொள்ளும் இடம். கிராங்கை அச்சோடு பிடித்திருப்பது காட்டர் பின். பல பத்தாண்டு அழுத்தத்தில் அது இறுகிப்போயிருக்கும். முதல் நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். நட்டைக் கழற்றி எடுத்துவிடாமல், பின்னின் முனையோடு மட்டமாக இருக்கும்படி தளர்த்தி வையுங்கள். மரை நசுங்காமல் அது காக்கும். இப்போது முக்கியமான விஷயம்: கிராங்குக்கு அடியில், பின்னின் தலை உள்ளே போய்வரும் அளவுக்கு வாயகன்ற ஓர் இரும்புக் குழாயைத் தரையில் ஊன்றி முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் ஒவ்வோர் அடியும் கிராங்க் குண்டுகள் வழியே இறங்கிக் கப்பில் பள்ளம் போடும். முட்டுக் கொடுத்தபின் கனமான சுத்தியலால் ஒரே அடி, நேராக. தட்டித் தட்டிப் பார்ப்பதுதான் கெடுதல். பின்னின் மரை முனை பூத்துவிடும், பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். கை நடுங்கும் என்றால் ஊரில் வயதான சைக்கிள் கடைக்காரர் ஒருவரிடம் கொண்டுபோங்கள். அறுபது வயதைக் கடந்தவராக இருந்தால் ஆயிரக்கணக்கில் காட்டர் பின் எடுத்திருப்பார். குழாய் முட்டை மட்டும் நினைவுபடுத்துங்கள்.

உள்ளே பக்கத்துக்கு 11 குண்டுகள், கால் அங்குலம். பழைய குண்டுகளைத் திரும்பப் போடாதீர்கள். புதியவை மலிவு, கப்பு கிடைப்பதுதான் அரிது. வலது பக்கக் கப்பும் இடது பெடலும் இடமரை, எதிர்த்திசையில் திருப்பினால்தான் கழலும். வலது கப்பை அவசியம் இல்லாமல் தொடவே வேண்டாம், இடது வழியாகவே துடைத்துக் கிரீஸ் வைக்கலாம். தலைப்பகுதியைக் கழற்றும்போது கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். உதிர்ந்து விழும் பொடிக் குண்டுகள் மண்தரையில் போனால் போனதுதான். புதுக் காட்டர் பின் மாட்டும்போது இரண்டும் எதிரெதிர்த் திசையில் இருக்க வேண்டும். அப்போதுதான் இரு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்கும்.

சீட் குழாய் இறுகியிருந்தால் வண்டியைத் தலைகீழாக்கி, கிராங்க் அச்சைக் கழற்றியிருக்கும் நேரத்தில் உள்ளிருந்தே எண்ணெய் விட்டு நான்கு நாள் காத்திருங்கள். வெல்டிங் நெருப்பைக் காட்டச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள், அந்த இடத்துப் பெயிண்ட் முழுவதும் கருகிவிடும்.

சக்கரங்களில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. இந்த வகை ராலியின் டயர் 28-க்கு 1½ அங்குலம், ஓரத்தில் 635 என்ற எண் இருக்கும். பால்காரரும் கீரைக்காரரும் ஓட்டும் நம் ஊர்க் கறுப்புச் சைக்கிளின் அளவும் அதுவே. சந்தை கூடும் எந்த ஊரிலும் டயர் கிடைக்கும். இப்போதைய பந்தயச் சைக்கிள்களின் 622 அளவு டயர் பார்வைக்கு நெருங்கி இருக்கும், பொருந்தாது. ஸ்போக்ஸ் கம்பிகள் முன்னால் 32, பின்னால் 40. பின் சக்கரத்தில்தானே பாரம் என்று யோசித்துப் பிரித்த எண்ணிக்கை அது. துருப்பிடித்த கம்பிகளை ஒட்டுமொத்தமாக வெட்டி எறியாமல், நிப்பிள்களுக்கு எண்ணெய் விட்டு, இரண்டு நாள் கழித்துக் கோட்டம் எடுக்கக் கொடுங்கள். உடைவது மட்டும் மாற்றப்படட்டும்.

பிரேக் கம்பிகளும் கட்டைகளும் உள்ளூரிலேயே கிடைக்கும். கட்டை ரிம்மின் உட்புறத்தைக் கீழிருந்து மேலாக இழுத்துப் பிடிக்கும் அமைப்பு இது. காய்ந்திருக்கும்போது போதுமான பிடி. மழையில் நனைந்த குரோம் ரிம்மில் பிடி வெகுவாகக் குறையும். முன்கூட்டியே மெல்ல அழுத்தி நீரைத் துடைத்துக்கொண்டு ஓட்டப் பழக வேண்டும். இன்றைய போக்குவரத்தில் இதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செயினை ஒரு ஸ்கேலால் அளந்து பாருங்கள். பன்னிரண்டு அங்குலத்தில் 24 பின் இடைவெளிகள் சரியாக அடங்க வேண்டும். எட்டில் ஓர் அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். நாரைப் பல்சக்கரத்தின் பற்களை இனியாவது காப்பாற்றலாம்.

சீட் தோல் என்றால் புரூக்ஸ் நிறுவனத்துச் சீட்டாக இருக்கலாம். பின்பக்கத் தகட்டில் பெயர் இருக்கும். விளக்கெண்ணெயில் ஊறவைக்கச் சொல்வார்கள். தோல் மெத்தென்று ஆகும், ஆனால் தொய்ந்து தொட்டிலாகிவிடும். தோலுக்கான மெழுகை அடிப்பக்கம் மெல்லியதாகத் தடவி, வாரம் ஒரு முறையாக ஒரு மாதம் பொறுங்கள். அதுவரை உட்கார வேண்டாம். காய்ந்த தோல் ஆணி அடித்த இடத்தில்தான் கிழியும். முன்னாலுள்ள இழுவை நட்டைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். ஏற்கெனவே கிழிந்திருந்தால் வருத்தப்படாமல் எடுத்து வைத்துவிட்டு, ஸ்பிரிங் வைத்த நம் ஊர்ச் சீட் ஒன்றை மாட்டுங்கள். தாத்தா காலத்துச் சீட் கிழிந்தாலும் வீட்டில் இருக்கட்டும்.

இவ்வளவும் முடிய ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்தால் இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆயுத பூஜைக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். பாதி வேலையில் நின்றாலும் சந்தனம் வைத்துக்கொள்ளட்டும், வண்டி கோபித்துக்கொள்ளாது.

முதல் சவாரிக்கு அப்பா போகட்டும். சீட்டை அவர் உயரத்துக்கு இறக்கி வையுங்கள், போக்குவரத்து இல்லாத காலை நேரமாகப் பாருங்கள். இடது காலைப் பெடலில் ஊன்றித் தத்தித் தத்தித் தள்ளிக்கொண்டே ஏறும் பழைய பழக்கம் அவருக்கு இன்னும் இருக்கும். அந்தப் பழக்கத்துக்குக் கிராங்கின் மேல் பாரம் அதிகம். அவர் திரும்பி வந்ததும், புதுக் காட்டர் பின்கள் இரண்டின் நட்டுகளையும் இன்னொரு முறை இறுக்குங்கள். முதல் சில கிலோமீட்டரில் அவை கட்டாயம் தளரும்.